கண்ணுக்குக் கீழே தங்கிவிட்ட கட்டி: கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழ்க்கண்மடலில் தொங்கும் பையை அகற்றும் அழகுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, கண்ணுக்குக் கீழே கையில் தட்டுப்படும் எதையும் நாம் "கட்டி" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். வடிந்து முடியாத வீக்கமும் கட்டி, உறைந்து இறுகிய இரத்தமும் கட்டி, தையல் முடிச்சைச் சுற்றித் திரண்ட சதையும் கட்டி, எடுக்காமல் மிஞ்சிய கொழுப்பும் கட்டி, இடம் மாற்றித் தைத்த கொழுப்பு இறுகி நிற்பதும் கட்டி. இவற்றுள் ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குக் கேடாகும். ஆகவே, கட்டி எதனால் ஆனது என்று தெரிவதற்கு முன் அதில் கை வைப்பதே, கண் சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்ற நான் கண்ட தவறுகளுள் முதன்மையானது. மற்றத் தவறுகள் பலவும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒரு நாள் மாலை, திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வசிக்கும் ஒரு பெண், வெயில் தணிந்த பிறகும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் வந்து விறாந்தையில் அமர்ந்தார். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. "அக்கா, இது இப்பிடியே நிண்டிடுமோ?" என்று கேட்டபடியே அவரது சுட்டுவிரல் இடது கண்ணின் கீழே போய் அழுத்தியது, அரை மணி நேரத்தில் அந்த விரல் எத்தனை தடவை அங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. என் விரல் நுனியால் மெதுவாகத் தொட்டபோது, கண்குழி எலும்பின் விளிம்போடு ஒரு நெல்மணி நீளத்துக்கு வரம்புபோல ஒன்று தட்டுப்பட்டது. நகரவில்லை, தொட்டால் நோகவும் இல்லை. ஆனால் அதன் மேலிருந்த தோல் சிவந்து, மினுங்கி, எரிச்சலோடு இருந்தது. யாரோ சொல்லக் கேட்டு, காலையும் இரவும் தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தடவி, கட்டி "கரைய" வேண்டுமென்று அழுத்தித் தேய்த்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கு உண்மையில் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது கட்டியைவிடத் தேய்ப்புத்தான்.

கீழ்க்கண்மடலுக்குப் பின்னால் உள், நடு, வெளி என மூன்று கொழுப்புப் பொதிகள் இருக்கின்றன. முன்பு பெரும்பாலும் அவற்றை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிகையாக எடுத்தால் கண் குழிவிழுந்து வயதைக் கூட்டிக் காட்டியதால், இன்று பல சத்திரசிகிச்சை நிபுணர்கள் அந்தக் கொழுப்பைக் கண்குழி விளிம்புக்கு மேலாக இழுத்து, கன்னத்துக்கும் மடலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் பரப்பித் தைக்கிறார்கள். அப்படி இடம் மாற்றிய கொழுப்பு முதல் சில மாதங்களுக்கு இறுகி, விளிம்பு போலக் கையில் படுவது வழக்கம். அது மெல்ல மெல்லத்தான் இளகும். அங்குள்ள தோல் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடையது என்பதால், கையிலோ முதுகிலோ இருந்தால் கண்ணிலேயே படாத ஒரு சிறு இறுக்கமும் இங்கே நிழல் விழுத்தி நிற்கும். என்னிடம் வந்த அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் இதுவே என்பது, கொழும்பிலிருந்து அவர் தருவித்த சத்திரசிகிச்சைக் குறிப்பைப் பார்த்த பின்னரே தெரிந்தது. நான்காம் மாதத்தில் அந்த வரம்பு தேடித்தான் தொட வேண்டியதாகிவிட்டது.

அந்தக் குறிப்பைக் கையில் வாங்காமல் வீடு திரும்புவது எங்கள் ஊரவர்கள் அதிகம் செய்யும் தவறு. கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். சென்னைக்குப் போகிறவர்களுக்கோ இடையில் கடலும் விசாவும் இருக்கின்றன. தையல் வெட்டியதும் பஸ் ஏறிவிடுகிறோம். பிறகு வருவதெல்லாம் தொலைபேசியில் அனுப்பும் படத்தைப் பார்த்துச் சொல்லும் பதில்தான். இளைஞர் ஒருவர் சென்னையில் செய்துகொண்டு வந்து, கட்டணப் பற்றுச்சீட்டையும் இரண்டு படங்களையும் மட்டும் காட்டினார். கொழுப்பை எடுத்தார்களா, இடம் மாற்றினார்களா, வயிற்றிலிருந்து கொழுப்பெடுத்து ஊசியால் நிரப்பினார்களா, மடலின் உட்புறமாக வெட்டினார்களா அல்லது இமைமயிருக்குக் கீழே தோலை வெட்டினார்களா, கரையும் நூலா கரையாத நூலா என்ற ஒன்றுக்கும் அவரிடம் விடை இல்லை. இந்த ஐந்தும் தெரியாமல் எந்த வைத்தியரும் கட்டியின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாது, ஊகித்துத்தான் சொல்லலாம். சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை. அதைக் கேட்பதற்குக் கூச்சப்படவே கூடாது.

வைத்தியரிடம் போவதற்கு முன் நீங்களாகவே கவனித்துக் குறித்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்திப் பாருங்கள். அப்போது புடைப்புப் பெரிதாகி, கீழே பார்க்கும்போது தணிந்தால், கண்குழிக் கொழுப்பு மிஞ்சியிருக்க இடமுண்டு. அதிலும் வெளி ஓரப் பொதி தப்பிவிடுவது சாதாரணம். சிரிக்கும்போது மட்டும் இமைமயிருக்குக் கீழே சுருள்போல எழுந்தால், அது கண்ணைச் சுற்றியுள்ள வட்டத்தசையாக இருக்கலாம். காலையில் தடித்து மாலையில் வடிந்து, கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் கூடினால், அது நீர். பெரும்பாலும் கன்ன எலும்பின் மேலே, மடலுக்குச் சற்றுக் கீழே தங்கும். வெட்டிய கோட்டின் மேல் ஊசித்தலை அளவில் வெள்ளை மணிகளாக இருந்தால், தோலுக்கடியில் சிக்கிய கெரட்டின் (தோலின் மேற்படலப் புரதம்) முத்துகள். வைத்தியர் நுண்ணிய ஊசியால் நொடியில் எடுத்துவிடுவார், வீட்டில் குத்தினால் தொற்றும் தழும்பும்தான் மிஞ்சும். இவை நோயைத் தீர்மானிக்கும் சோதனைகள் ஆகமாட்டா. ஆனால் "கட்டி இருக்கிறது" என்று மட்டும் சொல்வதைவிட, "மேலே பார்த்தால் கூடுகிறது, உப்புக்கு மாறுவதில்லை" என்று சொல்வது வைத்தியரின் வேலையைப் பாதியாக்கும்.

படம் எடுப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. தலைக்கு மேல் எரியும் மின்விளக்கின் கீழ் நின்று எடுத்தால், யாருடைய கண்ணுக்குக் கீழும் பள்ளமும் மேடும் தெரியும். வாரம் ஒரு தடவை, ஒரே யன்னலுக்கு எதிரே, ஒரே நேரத்தில், நேராகவும் மேலே பார்த்தும் சிரித்தும் மூன்று படங்கள் எடுத்தால் போதும். நாளுக்குப் பத்துத் தடவை கண்ணாடியைப் பார்ப்பவருக்கு மாற்றமே தெரியாது, மனம்தான் தேயும்.

தேய்ப்பதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் வீடுகளில் எண்ணெயும் ஒத்தடமும் பாசத்தோடு வருபவை. அம்மாவோ மாமியோ கொண்டுவந்து தரும்போது மறுப்பது கடினம். முதல் இரண்டு நாட்களில் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் இரத்தக் கசிவு கூடும். அந்நேரத்துக்கு உரியது, துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம். ஐஸ் கட்டியை நேரே வைத்தால், மரத்துப் போன தோல் வெந்து போவதுகூடத் தெரியாது. தொடக்க வாரங்களில் கன்னத்தை நோக்கிக் கீழே இழுத்துத் தேய்ப்பது, ஆறிக்கொண்டிருக்கும் மடலைத் தொங்க வைத்து, கண்ணின் வெள்ளையை வெளியே காட்டிவிடக்கூடும். சில நிலைமைகளில் தடவுவது பயன்தரும் என்பது உண்மை. ஆனால் எப்போது, எந்தத் திசையில், எவ்வளவு அழுத்தம் என்பதைச் சத்திரசிகிச்சை செய்தவரே விரலால் காட்டித்தர வேண்டும். மடலின் உட்புறமாக வெட்டியவர்கள், சொல்லாத களிம்பு எதையும் கண்ணுக்குள் இடக்கூடாது; எண்ணெய்ப் பிடிப்புள்ள களிம்பு ஆறாத வெட்டுக்குள் சிக்கினால், உடல் அதைச் சுற்றிக் கவசம் கட்டி, அதுவே புதிய கட்டியாகிவிடும். பார்மசியில் கேட்டவுடன் கிடைக்கும் ஸ்டீரொய்ட் கிறீமை மாதக்கணக்கில் கண்ணோரத்தில் பூசினால், தோல் மெலிவதோடு கண் அழுத்தமும் ஏறலாம்.

ஊசியில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. தழும்பு இறுகி ஆன கட்டிக்கு, ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீரொய்டைச் சிறு அளவில், செறிவு குறைத்து, அனுபவமுள்ளவர் போடும்போது நல்ல பலன் கிடைப்பதுண்டு. அளவு மிஞ்சினால் கொழுப்பும் தோலும் கரைந்து பள்ளம் விழும். எங்கள் நிறத் தோலில் வெள்ளைத் தழும்பாகத் தெரியும். மிக அரிதாக மருந்துத் துகள் இரத்தக் குழாய்க்குள் போய்ப் பார்வையையே பறிக்கும். முதல் ஊசியின் விளைவு தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதை மறந்து, பத்தாம் நாளே அடுத்ததைக் கேட்பது வெறும் அவசரம். ஹயலூரொனிடேஸ் என்ற கரைப்பு ஊசி, பள்ளத்தை நிரப்ப ஊசியால் போடும் நிரப்பிகளுள் ஹயலூரோனிக் அமிலத்தால் ஆனதை மட்டுமே கரைக்கும். நிரப்பிய கொழுப்பையோ தழும்பையோ அது கரைக்காது. கட்டியை மறைக்கப் பக்கத்துப் பள்ளத்தில் நிரப்பி போட்டுக்கொள்வதும் உண்டு. மெல்லிய தோலுக்கடியில் அது நீலம் பாரித்து, ஒன்று இரண்டாகிவிடும். கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லி அழகு நிலையங்களில் போடும் ஊசிகளைக் கண் அருகில் நெருங்க விடாதீர்கள். அப்படிக் கொழுப்பைக் கரைக்கும் மருந்தான டீஒக்சிகோலிக் அமிலத்துக்கு அமெரிக்காவில் 2015இல் கிடைத்த அனுமதி தாடைக்குக் கீழுள்ள கொழுப்புக்கு மட்டுமே உரியது. ஊசி பிடிப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற வைத்தியரா என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

இரண்டாம் சத்திரசிகிச்சைக்கு அவசரப்படுவதும் இதே வகை. தழும்பு முதிர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். அதற்கு முன் இறுகிய திசுவுக்குள் மறுபடி வெட்டினால் மடல் கீழே சுருங்கி, கண் முழுதாக மூடாமல் போகும் ஆபத்துக் கூடும். மிஞ்சிய கொழுப்பு மாதங்கள் போனாலும் தானாகக் கரையாது என்பது உண்மைதான், ஆனால் அது ஓடிப்போகாது. ஆறு மாதம் கழித்து எடுத்தால் பாதுகாப்பாக எடுக்கலாம். வயிற்றுக் கொழுப்பால் நிரப்பியவர்கள், உடல் எடை கூடும்போது கண்ணுக்குக் கீழுள்ள கட்டியும் கூடலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காத்திருக்கச் சொல்லும் நானே, காத்திருக்கவே கூடாத நிலைமைகளையும் சொல்லியாக வேண்டும். குறைந்துகொண்டிருந்த கட்டி மறுபடி வளர்வது, சில வாரம் கழித்துச் சிவந்த முடிச்சுகள் புதிதாகத் தோன்றுவது ஆகியவற்றுக்கு அந்த வாரத்திலேயே கண் வைத்தியரைப் பார்க்க வேண்டும்; சீழ், காய்ச்சல், இரட்டையாகத் தெரிவது என்றால் அன்றைக்கே பார்க்க வேண்டும். தாமதமாக வரும் சிவந்த முடிச்சு சாதாரண அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத மைக்கோபக்டீரியத் (காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த கிருமி) தொற்றாக இருக்கக்கூடும், அதற்குத் திசுவை எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். இமைமயிர் உதிர்ந்து, ஆறாத புண்ணோடு இருக்கும் கட்டியைச் சத்திரசிகிச்சையின் மிச்சம் என்று விட்டுவிடாமல், புற்றுநோய் இல்லையென்று பரிசோதித்து உறுதிப்படுத்த வேண்டும்.

சத்திரசிகிச்சை முடிந்த முதல் நாளிலோ அதற்கு அடுத்த சில நாட்களிலோ, கண் திடீரெனப் புடைத்து, கடும் வலியோடு பார்வை மங்கினால், கண்ணுக்குப் பின்னால் இரத்தம் பெருகியிருக்கலாம். ஓரிரு மணி நேரத்துக்குள் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வை நரம்பு செத்துவிடும். அப்போது செய்தவரைத் தேடிக் கொழும்புக்கு வாகனம் பிடிக்காதீர்கள், படம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து, திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், கண்மடலில் என்றைக்குச் சத்திரசிகிச்சை நடந்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். குறிப்பின் பிரதி கையில் இருந்தால் அதையும் நீட்டுங்கள்.