மலை வானிலையும் பயணத் திட்டமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடை எடுங்கள், ஸ்வெட்டர் எடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதை வீட்டிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். மலைப் பகுதிகளுக்குக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள். ஆரம்பத்தில் நானும் சறுக்கிய இடங்கள்தான்.

அடிவாரத்து வானிலையைப் பார்த்து மேலே கிளம்புவது

போனில் ஊர்ப் பெயரைத் தட்டினால் வருவது பெரும்பாலும் அந்த ஊர் இருக்கும் உயரத்துக்கான கணிப்பு. நீங்கள் நிற்கப்போவதோ அதற்கு 1,500 மீட்டர் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கீழே 24 டிகிரி என்றால் மேலே 14-ஐ ஒட்டி இருக்கும். சட்டை நனைந்து காற்றும் அடித்தால் உடம்புக்கு அது இன்னும் குளிர். மழைக் கணிப்பும் அப்படித்தான். பெயர்பெற்ற உலகக் கணிப்பு மாதிரிகள் பூமியை 9, 13 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஒரு பள்ளத்தாக்கும் அதன் இரண்டு சரிவுகளும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். காற்று மோதும் சரிவில் கொட்டும் மழை மறுபக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

முக்கியமான இடத்தைக் கடைசி நாள் மதியத்துக்கு வைப்பது

இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஒரு குழு, மூன்று நாள் பயணம். முதல் நாள் காலை ஆறரை மணிக்கு அறை வாசலில் நின்று பார்த்தால் எதிர்ச் சரிவில் மரங்களை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. குழுவை நடத்திய பெரியவரிடம், "சார், இப்பவே வியூ பாயின்ட் போயிடலாம்" என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து விரித்தார். "அது மூணாம் நாள் மத்தியானம்னு போட்டிருக்கே. இன்னைக்கு ஷாப்பிங்" என்று அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். கடைகள் அன்று ஒன்பதரைக்குத்தான் திறந்தன.

மூன்றாம் நாள் மதியம் தடுப்புக் கம்பிக்கு அப்பால் ஒரே வெள்ளை. அங்கிருந்த பலகையில் சிகரங்களின் பெயர்களை மட்டும் படித்துவிட்டு இறங்கினோம். வழியெல்லாம் "இந்த இடமே சரியில்லை" என்ற பேச்சு.

இடத்தில் என்ன குறை? இரவில் தரை குளிர்வதால் விடியலில் காற்று அசையாமல் படிந்திருக்கும். வெயில் ஏறியதும் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்றை மேலே இழுக்கும். அது உயரத்தில் குளிர்ந்து மேகமாகும். அதனால்தான் பல மலைகளில் பதினொரு மணிக்கு மேல் உச்சி மூடிக்கொள்கிறது, பிற்பகலில் இடி மழை வருகிறது. பள்ளத்தாக்கில் காலையில் மூட்டம் இருந்தாலும் கொஞ்சம் ஏறினால் அதற்கு மேலே தெளிவாக இருப்பதும் உண்டு. பருவமழை உச்சத்தில் இந்தக் கணக்கு எடுபடாது, அது வேறு கதை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு முறை 60 வினாடி, கை வலிக்கும் அளவு குளிர்ந்த 14 டிகிரித் தண்ணீரில் கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 வினாடியோடு இன்னும் 30 வினாடி, அந்த நேரத்தில் தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். மறுபடி செய்ய எது வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீளமானதையே கேட்டார்கள். அதன் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, அவ்வளவுதான். பயணமும் இப்படித்தான் மனதில் தங்குகிறது. முதல் இரண்டு நாளும் அந்தக் குழு சிரித்துக்கொண்டேதான் இருந்தது. ஊர் போய்ச் சொன்னது என்னவோ மூன்றாம் நாளைத்தான்.

ஆகவே முதலில் கிடைக்கும் தெளிவான காலையை அந்த இடத்துக்குக் கொடுங்கள். மற்ற காலைகளில் ஒன்றையாவது தாளில் எதுவும் எழுதாமல் விடுங்கள். கடைசி நாளுக்கு அருங்காட்சியகம், சந்தை, காட்டுப்பாதை நடை என்று மழை வந்தாலும் கெடாத ஒன்றை வையுங்கள்.

மூட்டத்தைப் பார்த்ததும் வண்டியைத் திருப்புவது

விட்டு விட்டு மெலிகிறதா? அப்படியானால் ஒரு மணி நேரம் இருங்கள்.

மாதச் சராசரியை நம்புவது

சராசரி பெய்யாது. மழைதான் பெய்யும். மாதக் கணக்கில் பாதி, நீங்கள் போகும் ஒரே நாளில் கொட்டிவிடலாம்.

நீல வானத்தைப் பார்த்து ஓடையில் இறங்குவது

மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை, மேல்மலையில் பெய்தால் போதும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ செருப்பைத் தேடாமல் கரையேறுங்கள்.

"இடி தூரத்தில்தானே?"

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வினாடி என்றால் அது ஒரு கிலோமீட்டர். ஆனால் இடி காதில் விழுந்தாலே நீங்கள் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். முகட்டை விட்டு இறங்கிக் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வர வேண்டாம்.

மழை விட்டபின்னும் அறையிலேயே இருப்பது

மாலை மழை விட்டதும் எல்லாரும் சார்ஜரைத் தேடுகிறார்கள். மழை தூசியைக் கழுவிவிடுவதால் தூரத்து மலைகள் அப்போதுதான் நன்றாகத் தெரியும். சூரியன் 42 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் தரையிலிருந்து வானவில் தெரியும், அதனால் உச்சிப்பொழுதில் பெரும்பாலும் ஏமாற்றம்தான். மாலையில் மேற்கே வெயில் அடித்து, கிழக்கே இன்னும் மழை பெய்துகொண்டிருந்தால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.