கடன்தாரர் விட்டுச்சென்ற பண்ணை: அமெரிக்க வேளாண் துறை அலுவலகம் செய்ய வேண்டியவை

அமெரிக்க வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை கொடுத்த கடனுக்கு ஈடாக உள்ள பண்ணையைக் கடன்தாரர் கைவிட்டுப் போய்விட்டால், அந்த நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பத்திரம் கடன்தாரர் பெயரில் இருக்கும் வரை அரசு வெறும் காவலர்தான். ஏலத்தின் மூலமோ, கடன்தாரரே எழுதிக்கொடுத்தோ உரிமை மாறிய பின்னரே அது உரிமையாளர் ஆகிறது. இந்த இரு நிலைகளையும் குழப்பிக்கொண்டால் அடுத்து எடுக்கும் ஒவ்வொரு முடிவும் பிசகும்.

காவல் நிலையில், உண்மையிலேயே கைவிடப்பட்டதா என்பதை நேரில் பார்த்துப் பதிவுசெய்யுங்கள். பிறகு கட்டடங்களைப் பூட்டி, கடுங்குளிருக்கு முன் குழாய்களிலுள்ள நீரை வடித்து, இருக்கும் பொருள்களைப் படங்களோடு பட்டியலிடுங்கள். வயலில் முற்றிய பயிர் கோப்பு நகரும் வரை காத்திராது என்பதால், அழுகக்கூடிய ஈட்டுப் பொருளைக் கடன்தாரர் சார்பில் விற்கவும், அரசின் நிதி நலனுக்கு உகந்ததானால் பண்ணையை நடத்தவும் விதிகள் இடமளிக்கின்றன. ஈடு அழியும் ஆபத்து இருந்தால், கடன் மறுசீரமைப்பு நடவடிக்கைகள் முடியும் முன்பே இவற்றைச் செய்யலாம். ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வேண்டும். இதில் தளர்வு கூடாது.

உரிமை அரசுக்கு வந்ததும், உள்ளே கிடக்கும் அசையும் பொருள்கள் குறித்து முன்னாள் உரிமையாளருக்கும், அவற்றின் மீது உரிமை கோரும், கடன் கொடுத்த பிறருக்கும் அறிவிக்க வேண்டும். அவை அகற்றப்படும் முன் அரசுக்கு ஆன செலவைக் கட்டி அவர்கள் மீட்டுக்கொள்ளலாம். முன்னாள் உரிமையாளர் தகுதி பெற்றால், தம் வீட்டையும் அதையொட்டி 10 ஏக்கர் வரையிலான நிலத்தையும் 5 ஆண்டுகள் வரை குத்தகைக்கு எடுத்து, பிறகு வாங்கவும் வழியுண்டு. அலுவலகங்கள் இதைச் சடங்காகக் கருதக் கூடாது. ஒரு குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் கடைசி வாய்ப்பு இதுவாகவே இருக்கலாம்.

விற்பனைக்குக் காலக்கெடு உண்டு. உரிமை வந்த 15 நாள்களுக்குள் விளம்பரம் செய்து, தொடக்கநிலை விவசாயிகளுக்குச் சந்தை மதிப்பில் முன்னுரிமை அளிக்க வேண்டும்; தகுதியுள்ளோர் பலர் கேட்டால் குலுக்கல். உரிமை வந்த 135 நாள்களுக்குள் அவர்களில் யாரும் வாங்காவிட்டால் பொது ஏலத்துக்கோ, முத்திரையிட்ட விலைப்புள்ளிக்கோ விடுங்கள். அதுவும் பலிக்காதபோதுதான் பேசி முடிக்கும் விற்பனை. 1978-க்கு முன் கட்டிய வீடு இருந்தால், ஈய வண்ணப்பூச்சு பற்றிய அறிவிப்பை வாங்குபவர் கையெழுத்திடும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.