கிராமப்புறத்தில் ஓய்வுக்கால வீடு: பார்ப்பது, அளப்பது, சோதிப்பது எப்படி?

ஓய்வு பெற்றபின் குடியேற வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் இதமான ஒரு காலை வேளையில்தான் போய்ப் பார்க்கிறார்கள். மரநிழல், பறவைச் சத்தம், அகலமான வாசல். பார்த்ததுமே மனம் அங்கே உட்கார்ந்துவிடும். ஆனால் அந்த வீட்டில் உங்கள் 80 வயதில் ஒரு மழை இரவு வரும். அந்த இரவுக்கு வீடு தாங்குமா என்று இன்றே சோதித்துவிட முடியும். ஒரு வாளி, அளவு நாடா, முடிச்சுப் போட்ட கயிறு, டார்ச், ஸ்க்ரூடிரைவர், நோட்டுப் புத்தகம் போதும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். பணம் போட்டால் தீரும் குறைகள் உண்டு: ஒழுகும் கூரை, பழைய வயரிங், குறுகிய கதவு. எவ்வளவு போட்டாலும் தீராத குறைகளும் உண்டு: வற்றும் நிலத்தடி நீர், வெள்ளம் தேங்கும் பள்ளம், ஆஸ்பத்திரிக்கு இருக்கும் தூரம், உரிமையில்லாத பாதை. தீராதவற்றை முதலில் பாருங்கள். சமையலறை மேடையின் நிறத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

படி 1: தூரத்தை நிமிடத்தில் கணக்கிடுங்கள்

ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் இயங்கும் ஆஸ்பத்திரி எது, அங்கிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பி வந்து உங்களை ஏற்றிக்கொண்டு திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். போக, வர இரண்டு பயணமும் கணக்கில் சேரும்.

காரணம் இதுதான். மூளை இரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் பார்க்காமல் போட முடியாது. வண்டி வர 50 நிமிடம், போக 60 நிமிடம், ஸ்கேனுக்கும் பரிசோதனைக்கும் 60 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 3 மணி நேரம் போய்விடும். மிச்சம் இருப்பது ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அறிகுறியைக் கண்டுகொள்ளத் தாமதமானால் அதுவும் கரைந்துவிடும்.

அந்தப் பாதையில் ஒருமுறை பகலிலும் ஒருமுறை இருட்டியபின்னும் போய்ப் பாருங்கள். வழியில் தரைப்பாலம் இருந்தால் மழையில் அது எத்தனை நாள் மூழ்கும் என்று கேளுங்கள். உங்களில் ஒருவர் மட்டுமே வண்டி ஓட்டுவீர்கள் என்றால், அவர் ஓட்ட முடியாமல் போகும் நாளில் மருந்துக்கும் காய்கறிக்கும் எப்படிப் போவீர்கள் என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். நடந்து போகும் தூரத்தில் பேருந்து நிற்கும் வீடு, கொஞ்சம் அழகு குறைந்ததாக இருந்தாலும் மேலானது என்பது எங்கள் உறுதியான கருத்து.

படி 2: மோசமான பருவத்தில் வாடகைக்கு இருந்து பாருங்கள்

வாங்கும் முன் அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு மாதம் வாடகைக்கு இருங்கள். எந்த மாதம் அங்கே வாழக் கடினமோ அந்த மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். கடும் வெயில், அடைமழை, கடுங்குளிர், எதுவானாலும் சரி. அக்கம்பக்கத்தாரிடம் பேச அவகாசம் கிடைப்பதே இதில் பெரிய லாபம்.

கேட்கும் விதம் முக்கியம். “தண்ணீர்க் கஷ்டம் உண்டா?” என்றால் “அதெல்லாம் இல்லை” என்றுதான் பதில் வரும். “கடைசியாக எப்போது தண்ணீர் விலைக்கு வாங்கினீர்கள்?”, “போன மழையில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது?”, “கரண்ட் போனால் வர எத்தனை மணி நேரம் ஆகும்?” என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் யாரும் பூசி மெழுக முடியாது.

படி 3: வீட்டுக்குள் போகாமல் நிலத்தைச் சுற்றி வாருங்கள்

சுற்றுவட்டாரத்தில் மழைநீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பாருங்கள். மதில் சுவரிலும் மரத்தண்டுகளிலும் ஒரே உயரத்தில் கறைக்கோடு தெரிந்தால் அது பழைய வெள்ளத்தின் மட்டம். கோரைப்புல் செழித்து நின்றால் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. அங்கே அஸ்திவாரமும் செப்டிக் டேங்கும் பாடுபடும். பக்கத்தில் இருக்கும் பழைய வீடுகளெல்லாம் மேடு கட்டி எழுப்பப்பட்டிருக்க, நீங்கள் பார்க்கும் வீடு மட்டும் தாழ்வாக இருந்தால் அந்த ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்றைக் கட்டியவர் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

நிலத்தின் அளவிலும் ஆசையை அடக்குங்கள். புல் வெட்டுவதும் வேலியைப் பார்ப்பதும் 60 வயதில் உடற்பயிற்சி, 78-ல் கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

படி 4: தண்ணீர்

அவசரப்படக் கூடாத படி இதுதான். குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டினால் ‘நல்ல கிணறு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது தேங்கிய தண்ணீராக இருக்கலாம்.

ஆழ்துளைக் கிணறு என்றால் இப்படிச் சோதியுங்கள். மோட்டாரை 4 மணி நேரமாவது நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பிறகு ஓடவிட்டு, 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள். 40 விநாடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர். மோட்டாரை நிறுத்தாமல் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் மறுபடி அளங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே வாளி நிரம்ப 100 விநாடி ஆனால் வரத்து 12 லிட்டராகக் குறைந்துவிட்டது.

குறைவதற்குக் காரணம் எளிது. 15 செ.மீ. விட்டமுள்ள குழாயில் ஒவ்வொரு மீட்டர் உயரத்திலும் சுமார் 17.7 லிட்டர் தண்ணீர் நிற்கும். 40 மீட்டர் தண்ணீர் நின்றால் 700 லிட்டர். முதல் இருபது, இருபத்தைந்து நிமிடம் நீங்கள் பார்ப்பதில் பெரும்பங்கு இந்தச் சேமிப்புதான். அது தீர்ந்தபின் வருவதே உண்மையான ஊற்று. பத்து நிமிடம் ஓட்டிக் காட்டிவிட்டு மோட்டாரை அணைக்கும் விற்பனையாளரிடம் இன்னும் ஒரு மணி நேரம் ஓடட்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

12 லிட்டரைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆளுக்கு 150 லிட்டர் வைத்தாலும் இருவருக்கு ஒரு நாளைக்கு 300 லிட்டர். 25 நிமிடத்தில் கிடைத்துவிடும். நிமிடத்துக்கு 3 லிட்டர் தரும் கிணறுகூட ஒரு தொட்டி இருந்தால் ஒரு சிறு குடும்பத்தைக் காப்பாற்றும். காற்று கலந்து விட்டுவிட்டு வந்து, பிறகு அடியோடு நின்றுபோகும் கிணற்றை நம்பி மட்டும் வீடு வாங்காதீர்கள்.

திறந்த கிணற்றில் வாளிக் கணக்கு உதவாது. தண்ணீரைக் கொஞ்சம் இறைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று முடிச்சுக் கயிற்றால் அளங்கள். 3 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் மட்டம் 10 செ.மீ. ஏறினால் ஏறக்குறைய 700 லிட்டர் ஊறியிருக்கிறது.

எந்தக் கிணறானாலும் வறண்ட காலத்தின் கடைசியில் எடுத்த அளவுக்குத்தான் மதிப்பு. மழை முடிந்த கையோடு அளந்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்.

அடுத்தது தரம். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் மட்டுமே பிடியுங்கள். குழாயின் முனையில் வலை இருந்தால் கழற்றிவிட்டு, சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் அன்று பிடிக்க வேண்டாம். கிருமி இல்லை என்றுதான் முடிவு வரும். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல்படி 100 மி.லி.யில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. லிட்டருக்கு நைட்ரேட் 50 மி.கி., ஃபுளோரைடு 1.5 மி.கி., ஆர்செனிக் 0.01 மி.கி. தாண்டக் கூடாது. சுற்றிலும் உரம் போடும் வயலோ கால்நடைப் பண்ணையோ இருந்தால் நைட்ரேட் சோதனையை விட்டுவிடாதீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

படி 5: கழிவுநீர் போகும் இடம்

செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று விற்பவரையே காட்டச் சொல்லுங்கள். கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கம் இருப்பது நல்லது. எல்லாக் குழாய்களையும் 10 நிமிடம் திறந்துவிட்டு, கழிப்பறையிலும் இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தரைச் சல்லடையில் தண்ணீர் எதிர்த்து வந்தாலும், ‘குளுக் குளுக்’ என்று சத்தம் கேட்டாலும் எங்கோ அடைப்பு. டேங்கைத் தாண்டிய தரையில் ஓரிடம் மட்டும் பசேலென்று ஈரமாக இருந்தால் மண் இனி கழிவுநீரை உறிஞ்சவில்லை. டேங்கை 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கும். அதற்கான லாரி வந்து நிற்க இடம் வேண்டும்.

மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளிருக்கும் வாயு நொடியில் மயக்கி உயிரைப் பறித்துவிடும். அந்தச் சோதனையைத் தொழில் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

படி 6: சுவரும் கூரையும்

கதவு, ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக, படிக்கட்டு போல ஏறும் விரிசலைத் தேடுங்கள். மயிரிழை விரிசல் பூச்சில் மட்டும் இருக்கும். 5 மி.மீ.க்கு மேல் அகலம் என்றாலோ, ஒரு பக்கம் மற்றதைவிடத் துருத்திக்கொண்டிருந்தாலோ அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். கட்டடப் பொறியாளரைக் கூட்டி வராமல் முன்பணம் தராதீர்கள்.

ஓதத்தைக் கண்ணால் மட்டுமல்ல, கையாலும் பாருங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போங்கள். கீழே சில்லென்றும் மேலே உலர்ந்தும் இருந்தால், இடையில் வெள்ளையாக உப்புப் பூத்த கோடு தெரிந்தால், தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. விரல் முட்டியால் தட்டினால் பூச்சு ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகக் கேட்கும். வீடு முழுவதும் பழைய பெயின்டாக இருக்க, அடிச்சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் பீரோவையும் கட்டிலையும் நகர்த்திப் பின்னால் பாருங்கள். அங்கே யாரும் பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள்.

கதவு நிலைகளின் அடிப்பகுதியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள்; சுலபமாக உள்ளே இறங்கினால் கரையானோ உளுப்போ. சுவரில் பென்சில் பருமனில் மண் கோடு ஓடினாலும் கரையான்தான். கூரைக்கு அடியில் போக முடிந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு நில்லுங்கள். வெளிச்சம் எட்டிப் பார்க்கும் இடத்தில் மழையும் எட்டிப் பார்க்கும்.

படி 7: வயதான உடம்புக்கு அளந்து பாருங்கள்

படுக்கை, குளியலறை, சமையல் மூன்றும் ஒரே தரைமட்டத்தில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மாடி, வந்து போகும் பேரப்பிள்ளைகளுக்கு.

கதவை 90 பாகை திறந்துவைத்து இடைவெளியை அளங்கள். சக்கர நாற்காலி நுழையக் குறைந்தது 80 செ.மீ., வசதியாகப் போக 90 செ.மீ. வேண்டும். நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம் தேவை. வாசலில் சாய்தளம் போட 1-க்கு 12 என்ற கணக்கு: வீடு தரையிலிருந்து 60 செ.மீ. உயரம் என்றால் 7.2 மீட்டர் நீளத்துக்கு இடம் வேண்டும். முன்னால் அவ்வளவு இடம் இல்லையென்றால் பக்கவாட்டில் மடக்கிப் போட முடியுமா என்று அங்கேயே நின்று யோசியுங்கள்.

குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? உட்பக்கம் திறந்தால், வழுக்கி விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார்; வெளியிலிருந்து தள்ள முடியாது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவது சின்ன வேலை, அதைக் குடிபோகும் முன்பே செய்யுங்கள். பிடிமானக் கம்பியைக் கெட்டியான சுவரில் பொருத்த வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். 60 வயதில் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி 20 வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். இன்று மங்கலாகத் தெரியும் நடை நாளைக்கு இருட்டு.

படி 8: மின்சாரமும் போனும்

எல்லா வீடுகளிலும் விளக்கு எரியும் மாலை நேரத்தில் மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அறிவிக்கப்பட்ட அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மோட்டாரும் ஃபிரிட்ஜும் சீக்கிரம் பழுதாகும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும் என்பதால் மின்வெட்டு நேரத்தையும் கேட்டு வையுங்கள். போனை வாசலில் நின்று சோதித்தால் போதாது. கட்டிலில் படுத்தபடியும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டும் பேசிப் பாருங்கள்.

படி 9: பத்திரம்

விற்பவர் பெயரில் முழு உரிமை இருக்கிறதா, கூட்டுப் பங்குதாரர் யாராவது உண்டா, கடன் பாக்கி உண்டா என்று வழக்கறிஞரை வைத்துப் பாருங்கள். அதோடு இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை பொதுவழியா, இன்னொருவர் நிலமா? இன்னொருவருடையது என்றால் உங்கள் வழி உரிமை எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். “நாற்பது வருஷமாகப் போய் வருகிறோம்” என்ற வாய்ச்சொல், பக்கத்து நிலம் கைமாறிய அன்றே செல்லாமல் போகலாம். அடுத்து, கிணறு யார் எல்லைக்குள் இருக்கிறது? அளவையாளருடன் நான்கு மூலைக்கும் நடந்து, கற்களைப் பார்த்து, படமெடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காலிமனையில் குவாரியோ தொழிற்சாலையோ வரத் திட்டம் உண்டா என்று உள்ளூர் நிர்வாக அலுவலகத்தில் கேட்க அரை நாள் போதும்.

தம்பதியாக வாங்கினால் இருவர் பெயரிலும் பதியலாமா என்று அதே வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஒருவர் மறைவுக்குப் பின் மற்றவர் அலைய வேண்டியது குறையும்.

படி 10: சாவி வாங்கும் நாள்

பணத்தின் கடைசிப் பகுதியைத் தரும் முன் விற்பவரோடு வீட்டைச் சுற்றி ஒரு நடை போங்கள். மோட்டாரிலிருந்து தொட்டிக்குப் போகும் பைப், தொட்டியிலிருந்து வீட்டுக்கு வரும் பைப், கழிவுநீர்க் குழாய், தரைக்கடியில் போகும் மின்கம்பி ஒவ்வொன்றும் எந்த வழியாகப் போகிறது என்று அவரைக் காட்டச் சொல்லி, அந்தந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு, படம் எடுத்து, தாளில் வரைந்துகொள்ளுங்கள். மோட்டாரை எத்தனை அடி ஆழத்தில் இறக்கியிருக்கிறார்கள், கடைசியாக எந்த ஆண்டு வெளியே எடுத்தார்கள், வேலை செய்தவர் யார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அந்தத் தாளின் ஒரு நகலை மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். இரவு பத்து மணிக்குக் குழாய் உடைந்தால் உதவிக்கு வருபவர் முதலில் திறப்பது அதைத்தான்.