போட்டோவாக வேண்டாம், டாக்குமெண்டாக அனுப்புங்கள்

தொட்டபெட்டாவில் எடுத்த மூடுபனிப் படத்துக்கு நண்பரிடம் கருத்துக் கேட்பதானால், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், கூடவே "வெளிச்சம் சரியா?" என்று ஒரே ஒரு கேள்வியும் கேளுங்கள். போட்டோவாகப் போனால் கோப்பு சுருங்கி, பனியின் மெல்லிய சாம்பல் நிறம் பட்டை பட்டையாக உடைந்துவிடும். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) என்று படம் எடுத்தபோது கேமராவில் இருந்த விவரங்களும் போய்விடும். டாக்குமெண்டில் எல்லாம் அப்படியே இருப்பதால், பனியைப் பார்த்துக் கேமரா வழக்கம்போல் படத்தை இருட்டாக்கிவிட்டது, எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு படி (+1) கூட்டியிருக்கலாம் என்று அவரால் சொல்ல முடியும். வெறும் "சூப்பர்" வந்து என்ன பயன்?

கம்போசிஷன் (படத்தில் எது எங்கே அமைந்திருக்கிறது என்பது) மட்டும் பார்க்கச் சொல்வதானாலோ, மலைச்சரிவில் சிக்னல் படுத்தினாலோ சாதாரண போட்டோவே போதும். அப்புறம், பறவைக்கூடு படமென்றால் கவனம், டாக்குமெண்டோடு ஜிபிஎஸ் இடக்குறிப்பும் சேர்ந்து போய், கூடு இருக்கும் இடம் வெளியே தெரிந்துவிடலாம், முதலில் அதை நீக்கிவிடுங்கள்.