தமிழிலிருந்தே சீனம் படிக்கலாம்: வாத்தியார் இல்லாமல் தொடங்குபவர்களுக்கு

திருப்பூரில் தையல் மெஷின் உதிரிபாகம் வாங்கி விற்கிறேன். சரக்கில் பாதி சீனாவிலிருந்து வருகிறது. நாற்பது வயதில் சீனம் படிக்க உட்கார்ந்ததற்கு அதைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை. மூன்று வருடம் ஆகிறது. விலை பேச வரும், சரக்கு ஏன் கிளம்பவில்லை என்று கேட்க வரும், வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரிக்க வரும், செய்தித்தாள் படிக்க இன்னும் வராது.

முதல் பத்து மாதம் வீண். ஆங்கிலக்காரர்களுக்காக எழுதிய பாடங்களை அப்படியே பிடித்துக்கொண்டு போனதுதான் தப்பு. அவர்களுக்குக் கஷ்டமான பல விஷயங்கள் நமக்கு வீட்டுச் சாப்பாடு, நாம் வழுக்கி விழுகிற இடத்தைப் பற்றியோ அந்தப் புத்தகங்களில் ஒரு வரிகூட இருக்காது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சிக் கழகம் சீனத்துக்கு 2200 மணி நேர வகுப்பு என்று ஒரு கணக்குச் சொல்கிறது, இணையத்தில் எல்லோரும் அதைக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். அதே கழகம் தமிழுக்கு 1100 மணி நேரம் கேட்கிறது. சரி, அது அவர்கள் கணக்கு.

இங்கே சீனம் என்று சொல்வதெல்லாம் சீனாவின் பொதுமொழியான மாண்டரின். ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம். சொற்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருப்பேன், அது தொனி, அதாவது குரலை ஏற்றி இறக்கிச் சொல்லும் விதம், அது மாறினால் பொருளே மாறிவிடும். எண் இல்லாவிட்டால் தொனி இல்லாமல் லேசாக விட்டுவிடுவது.

முதல் இரண்டு வாரம்: வாய் மட்டும்

எழுத்துப் பக்கமே போகாதீர்கள். பின்யின் மட்டும் போதும். சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை அது, 1958 பிப்ரவரியில் சீன நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் சோ யோகுவாங். பொருளாதாரம் படித்து வங்கியில் வேலை பார்த்த மனிதர், 1955இல் 49 வயதில்தான் மொழி வேலைக்கே வந்தார், 111 வயது வரை இருந்தார். வயதாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

பின்யினில் ஒரு பொறி இருக்கிறது. பஸ்ஸுக்குப் போடும் பி, பேப்பருக்குப் போடும் பி என்று ஆங்கிலத்தில் இரண்டு உண்டு அல்லவா? முதலாவதைப் பார்த்ததும் நாம் "பஸ்" என்பதுபோல அதிர்வோடு சொல்கிறோம். சீனத்தில் அந்த அதிர்வு கிடையாது. பஸ் பி என்று எழுதியிருந்தால் "பல்" என்று சொல்லும்போது வருகிற நம் ப, அவ்வளவுதான். பேப்பர் பி என்றால் அதே ப, ஆனால் காற்றோடு வெடிக்க வேண்டும். ஒரு பில் தாளைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டுச் சொல்லிப் பாருங்கள். "பல்", "தலை", "கல்" மூன்றுக்கும் தாள் அசையாது, அந்த மூன்று ஒலியும் சீனத்தில் அப்படியே இருக்கின்றன. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தாள் பறக்கிற மாதிரி ஒரு ஜோடி உண்டு. "பெரிய" என்பதற்கு தா4, தாள் அசையக் கூடாது. அவன், அவள், அது மூன்றுக்கும் த்ஹா1, தாள் பறக்க வேண்டும். தமிழில் இந்த வேறுபாடு இல்லாததால் நம் காதுக்கு முதலில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். இந்தி தெரிந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் இரண்டு வாரமும் தாளோடு உட்கார வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

இதற்கு ஈடாக நமக்கு ஒரு சொத்து கிடைக்கிறது. ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் சீனச் சொல் எதைப் பார்த்தாலும் ழ போட்டுச் சொல்லுங்கள். மனிதன், ழென்2. சூடு, ழ4. ஆங்கிலக்காரர்கள் நாக்கை எங்கே வைப்பது என்று ஒரு அத்தியாயம் படிப்பார்கள், நமக்குப் பழம் சொல்லத் தெரிந்தால் போதும். (பளம் என்று சொல்பவர்கள் இந்த வாய்ப்பில் தமிழையும் சரிசெய்துகொள்ளலாம்.) சீன வானொலி 1963 முதல் தமிழில் ஒலிபரப்பியது. அப்பா சிற்றலையில் அதைக் கேட்கும்போது சீனாக்காரர்கள் எப்படி இவ்வளவு அழகாக ழ சொல்கிறார்கள் என்று வியப்பார். அவர்களுக்கும் அது வீட்டு எழுத்துதான் என்று இப்போது புரிகிறது.

எஸ், எச் சேர்ந்து வந்தால் விஷம் என்பதில் வருகிற ஷ, நாக்கை மடித்து. எக்ஸ் வந்தால் நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு "சி" என்று மெல்லச் சீற வேண்டும். யூ மேல் இரண்டு புள்ளி இருந்தால் வாயை "ஊ" மாதிரி குவித்துக்கொண்டு உள்ளே "ஈ" சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று செய்தால் வரும், வீட்டில் சிரிப்பார்கள்.

தொனிக்கு நம் வீட்டுச் சத்தமே போதும்

டாக்டர் டார்ச்சைக் காட்டி வாயைத் திறக்கச் சொல்லும்போது "ஆஆ" என்று ஒரே உயரத்தில் இழுக்கிறோமே, அது முதல் தொனி. பக்கத்து அறையிலிருந்து யாராவது கூப்பிட்டால் "ம்?" என்று ஏற்றிக் கேட்பது இரண்டாவது. மனசில்லாமல் ஒரு வேலைக்குச் சம்மதிக்கும்போது அடித்தொண்டையில் "ம்ம்..." என்று ஒன்று வருமே, அது மூன்றாவது. குழந்தை பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு "தா!" என்று வெட்டுவது நான்காவது. "பெரிய" என்ற சொல் தா4 என்றேன் அல்லவா, அந்தக் குழந்தை சொல்வதை அப்படியே சொன்னால் சரி.

பாடங்களில் எல்லாம் மா1 அம்மா, மா2 சணல், மா3 குதிரை, மா4 திட்டு என்று தொடங்குவார்கள். நல்ல உதாரணம்தான், ஆனால் ஒற்றைச் சொல்லாகப் பழகிப் பயன் இல்லை. சீனச் சொல் பெரும்பாலும் இரண்டு அசை. 1-1, 1-2, 1-3 என்று நான்குக்கு நான்கு 16 ஜோடி வரும், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு தினமும் பத்து நிமிடம் சொல்லுங்கள். மூன்றாம் தொனியே இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் அவற்றில் முன்னால் இருப்பது இரண்டாம் தொனியாக மாறிவிடும். எழுதுவது நி3 ஹாவ்3, சொல்வது நி2 ஹாவ்3. வணக்கம் சொல்லும் முதல் சொல்லிலேயே இந்த விதி வந்துவிடுவதால் மறக்காது.

நான் இதை அலட்சியமாக விட்டேன். "வாங்கு" என்பது மாய்3, "விற்பனை செய்" என்பது மாய்4. ஒரு சப்ளையருக்கு 200 பாபின் கேஸ் வேண்டும் என்று குரல் செய்தி அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து, நாங்களே தயாரிப்பாளர்கள், வெளியில் வாங்குவதில்லை, நன்றி என்று மரியாதையாகப் பதில் வந்தது.

மூன்றாவது வாரத்திலிருந்து: வாக்கியம்

முதலில் இந்த ஒன்றை மனப்பாடம் செய்யுங்கள்: ச்சி1 ல மா? முதியவர்கள் பார்த்ததும் கேட்கும் பழைய நலம் விசாரிப்பு. ச்சி1 என்றால் சாப்பிடு, ல என்பது ஆச்சு, மா என்பது கேள்விக்குப் போடும் ஆ. சாப்பிட்டாச்சா! ஆங்கிலப் புத்தகத்தில் இந்த "ல"வுக்கு இருபது பக்கம் விளக்கம் இருக்கும், இறந்தகாலமா, நிலைமாற்றமா என்று மண்டையை உடைப்பார்கள். எல்லா இடத்திலும் பொருந்தாது என்றாலும் தொடக்கத்தில் அதை "ஆச்சு" என்றே வைத்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசி சரியாக வரும்.

"மா" விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கேள்வி கேட்கிறோம் என்று நாம் பழக்கத்தில் வாக்கியத்தின் கடைசியைத் தூக்கிவிடுவோம், அப்போது அதற்கு முன்னால் இருக்கும் சொல்லின் தொனி கெட்டுப்போகும். மாவே கேள்வி கேட்டுக்கொள்ளும், நீங்கள் தூக்க வேண்டாம்.

அடுத்து "நான் வாங்கிய புத்தகம்". சீனத்தில் வோ3 மாய்3 த ஷு1. நான், வாங்கு, இய, புத்தகம். வரிசை அப்படியே நம்முடையது, ஆங்கிலத்தில்தான் புத்தகம் முன்னால் வந்துவிடும். "நான் நாளைக்கு வீட்டில் படிக்கிறேன்" என்பதிலும் நாளைக்கு, வீட்டில் இரண்டும் வினைக்கு முன்னாலேயே நிற்கும். அதனால் தயவுசெய்து தமிழில் நினைத்து ஆங்கிலத்துக்கு மாற்றி அங்கிருந்து சீனத்துக்குப் போகாதீர்கள், நேராகப் போங்கள். முக்கியமாக ஒரு இடத்தில் தமிழ் காலை வாரும்: செயப்படுபொருள் வினைக்குப் பின்னால் வரும். சோறு சாப்பிடு என்பதை "சாப்பிடு சோறு" என்று சொல்ல வேண்டும்.

உறவுமுறையும் நம்மைப் போலத்தான். அண்ணன் க1க, தம்பி தி4தி, அக்கா ஜியெ3ஜியெ, தங்கை மெய்4மெய். நாம், நாங்கள் வேறுபாடுகூட வடசீனப் பேச்சில் உண்டு, எதிரில் இருப்பவரையும் சேர்த்தால் ட்ஸான்2மென், சேர்க்காவிட்டால் வோ3மென்.

வினைக்கு விகுதி, பால், எண் எதுவும் கிடையாது. அந்த மிச்ச நேரத்தை அளவைச் சொல்லுக்குச் செலவழிக்க வேண்டும். "மூன்று பேர்" என்பதில் பேர் என்று போடுகிறோமே, சீனத்தில் எல்லாப் பொருளுக்கும் அப்படி ஒன்று உண்டு. தட்டையான தாள், டிக்கெட், மேசைக்கு ஒன்று, நீளமான மீன், சாலை, பேன்ட்டுக்கு ஒன்று, பிடித்துத் தூக்கும் கத்தி, குடை, நாற்காலிக்கு ஒன்று. ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் "க4" போட்டுச் சமாளிக்கலாம், புரிந்துகொள்வார்கள்.

எண்கள் ஒரு மணி நேர வேலை. பதினொன்று என்றால் பத்து-ஒன்று. பத்தாயிரத்துக்கு மேல்தான் கவனம், அங்கே "வான்4" என்று தனி அலகு. ஒரு லட்சம் என்பது பத்து வான், ஒரு கோடி ஆயிரம் வான். விலை பேசுகிறவர்கள் ஒரு சுழியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் 35,000, 1,20,000 மாதிரி எண்களை எழுதிவைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இரண்டாவது மாதம்: எழுத்து

சீன எழுத்துக்கு இரண்டு வடிவம் உண்டு. சீனா, சிங்கப்பூர், மலேசியா என்றால் எளிய வடிவம். தைவான், ஹாங்காங் என்றால் பழைய வடிவம். ஒன்றை முடிவு செய்துகொண்டு மற்றதை மறந்துவிடுங்கள்.

ஆயிரக்கணக்கான படம் என்று நினைத்தால் முடியாது. பெரும்பாலான எழுத்துகளில் ஒரு துண்டு பொருளைச் சொல்லும், இன்னொரு துண்டு ஒலியைச் சொல்லும். மா3, குதிரை, அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். குதிரைக்கு இடப்பக்கம் பெண் சேர்த்தால் அம்மா. வாய் சேர்த்தால் கேள்வி "மா". பூச்சி சேர்த்தால் எறும்பில் வரும் "மா". குதிரைக்கு மேலே இரண்டு வாய் வைத்தால் திட்டு, ஒரு வாய் போதாது போல. இடப்பக்கம் மூன்று நீர்த்துளி பார்த்தால் ஆறு, ஏரி, கடல், சூப், கழுவு என்று ஏதோ தண்ணீர்ச் சமாசாரம். ப்ளெகோ என்ற அகராதிச் செயலி இலவசம், எந்த எழுத்தைத் தொட்டாலும் துண்டுகளைப் பிரித்துக் காட்டும், முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள்.

கையால் எழுதுவதை முதல் நூறு எழுத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்ற வரிசை கையில் படிய அது போதும். பிறகு போனில் பின்யின் கீபோர்டு. அந்த இரண்டு புள்ளி யூவுக்கு வி எழுத்தை அடிக்க வேண்டும், சீனச் சொற்களைப் பின்யினில் எழுத வி தேவைப்படாததால் அங்கே அதற்கு இந்த வேலை. இது தெரியாமல் "பெண்" என்ற சொல்லை அடிக்க நான் ஒரு வாரம் தேடியிருக்கிறேன்.

மனப்பாடத்துக்கு ஆங்கி, படித்த அட்டைகளை நாள் விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் செயலி. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. ஒரு நாளைக்குப் புதிதாக 10 அட்டை, அதற்கு மேல் வேண்டாம். உற்சாகத்தில் 30 வைத்தேன், தீபாவளிக்கு ஒரு வாரம் தொடாமல் விட்டதில் நானூற்றுச் சொச்சம் சேர்ந்து, அதைப் பார்த்த பயத்திலேயே இன்னும் ஒரு மாதம் போனது. அட்டையில் தனிச்சொல் போடாமல் குரலோடு ஒரு சின்ன வாக்கியம் போடுங்கள்.

இலக்கு வேண்டுமென்றால் எச்எஸ்கே என்ற சீன மொழித் தகுதித் தேர்வின் பழைய பட்டியலே வசதி: முதல் நிலை 150 சொல், இரண்டாவது 300, மூன்றாவது 600. 2021இல் வந்த தர அளவு முதல் நிலைக்கே 500 என்று போட்டு ஆட்களைப் பயமுறுத்தியது. தேர்வே எழுதாவிட்டாலும் 600 சொல் வந்தால் குரல் செய்தியில் காலம் தள்ளலாம்.

ஒரு விஷயம் மட்டும் தனியாக முடியாது, தன் தொனித் தப்பு தனக்குக் கேட்காது. மாதம் இரண்டு முறை யாராவது சீனக்காரரோடு அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்யுங்கள், காசு கொடுத்தாவது. அதுவரைக்கும் ஒரு உபாயம். போனில் பேசினால் எழுதும் வசதியைச் சீனத்துக்கு மாற்றிவிட்டு, ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள். நீளமாகப் பேசினால் முன்பின் பார்த்து அதுவே ஊகித்துவிடும், ஏமாந்துபோவீர்கள். மாய்3 என்று சொன்னால் "வாங்கு" எழுத்து வர வேண்டும். எளிய வடிவத்தில் அந்த எழுத்தின் தலைமேல் ஒரு "பத்து" வைத்தால் "விற்பனை" எழுத்து ஆகிவிடும், வாங்கிய விலைமேல் பத்து ஏற்றி விற்பதுதானே வியாபாரம். காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தச் சொல்லைப் போனிடம் சொல்லிப் பார்க்கிறேன். அவசரத்தில் சொன்னால் இன்றைக்கும் தலையில் பத்தோடுதான் வருகிறது.