விடியலில் டயர் தொய்ந்தால் பஞ்சர்தானா?

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி கிடக்கும் காலைகளில், மோட்டார் சைக்கிள் டயரை அமுக்கினால் தொய்வாக இருக்கும். உடனே பஞ்சர் கடைக்கு ஓடாதீர்கள். குளிர்ந்தால் காற்று சுருங்கும். டயருக்குள் அடைபட்டிருப்பதால் அழுத்தம் இறங்குகிறது. பகலில் 20 பாகையில் 30 பி.எஸ்.ஐ. அடித்திருந்தால், விடியலில் 5 பாகையில் ஏறக்குறைய 28தான் காட்டும். 10 பாகைக்கு ஒன்றரை என்று நினைவில் வைத்தால் போதும்.

அதனால் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு அளந்து அடியுங்கள். பெட்ரோல் செட் தூரமென்றால் ஒரு சின்ன கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளலாம், கட்டாயம் பயன்படும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத் தெரியும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கவே கூடாது.

கொழும்புக்கு இறங்கும்போது வெயிலில் டயர் வெடித்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். சூட்டில் உள்ளழுத்தம் ஏறுவது உண்மைதான். ஆனால் கீழே வெளிக்காற்றின் அழுத்தமும் கூடுதல். கேஜ் காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான், ஆகவே அதில் பெரிய மாற்றம் தெரியாது.

சரியாக அடித்தும் தினமும் இறங்குகிறதா? வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் அது கசிவு.