மோட்டார் நிற்கும்போது கன்ட்ரோலர் ஏன் மயங்குகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கன்ட்ரோலர் போர்டை வைத்துச் சொட்டுநீரை ஓட்டுபவர்களுக்குத் தெரிந்த தொல்லை இது. மேஜையில் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய கன்ட்ரோலர், மோட்டார் ரூமில் மாட்டியதும் தானாக ரீசெட் ஆகும், வால்வைத் தப்பாகத் திறக்கும், தொட்டி காலியாக இருக்கும்போதே நிறைந்துவிட்டது என்று காட்டும். உடனே போர்டை மாற்றுவதும் புரோகிராமைத் திருத்துவதும்தான் முதல் தவறு. கோளாறு பெரும்பாலும் வயரிங்கில் இருக்கும்.

போர்டைக் குழப்பும் மின் இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஸ்டார்ட்டரை இழுக்கும் காந்தச் சுருளான காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, போர்டு இயக்கும் சுவிட்சான ரிலேயை மட்டும் 20 முறை தட்டுங்கள். பிறகு காயிலை மாட்டி, மோட்டார் இல்லாமல் 20 முறை. கடைசியில் மோட்டாரோடு. மூன்றில் எதில் ரீசெட் ஆகிறதோ, குற்றவாளி அங்கேதான். அதே சோதனையை அடாப்டருக்குப் பதிலாகப் பவர் பேங்கில் போர்டை ஓட்டியும் செய்யுங்கள். ரீசெட் நின்றுவிட்டால் இரைச்சல் அடாப்டர் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் ரிலே வயரோ சென்சார் வயரோ கொண்டுவருகிறது. ஒவ்வொரு முறையும் வயரைத் தொடுமுன் மெயின் ஃபியூஸைப் பிடுங்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருப்பது 415 வோல்ட்.

அதிகம் நடக்கும் தவறும் ஆபத்தான தவறும் ஒன்றே: நீல நிற ரிலே போர்டில் ஸ்டார்ட்டரின் 415 வோல்ட் காயிலை நேராகக் கொடுப்பது. அந்த ரிலேயின் முதுகிலேயே 250 வோல்ட் ஏசி என்று எழுதியிருக்கிறது. காயில் விடுபடும் நொடியில் அதன் காந்தத்தில் சேர்ந்திருந்த சக்தி உயர் வோல்ட்டேஜாகத் திரும்பி, ரிலே முனைகளில் பொறியாகப் பறக்கும். அந்தப் பொறிதான் போர்டை மயக்குகிறது. அதனால்தான் மோட்டாரைப் போடும்போது இல்லாத கோளாறு நிறுத்தும்போது வருகிறது. நடுவில் 230 வோல்ட் காயில் உள்ள சிறிய கான்டாக்டர் (உயர் வோல்ட்டேஜைத் தாங்கும் ரிலே) ஒன்றை வையுங்கள். 415 வோல்ட் அதன் முனைகள் வழியாகப் போகட்டும்.

அந்த 230 வோல்ட் காயிலின் இரு முனைக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 ரகக் கெபாசிட்டரும் தொடராகச் சேர்ந்த, பொறியை அடக்கும் ஸ்னப்பர் வேண்டும். இதைக் காயிலில் போடாமல் ரிலே முனைகளில் போடுபவர்கள் உண்டு. அங்கே போட்டால் ரிலே திறந்திருக்கும்போதும் ஏறக்குறைய 7 மில்லிஆம்பியர் கசியும். சின்னக் காயில் விடாமல் உறுமிக்கொண்டே இருக்கும். ஸ்னப்பருக்குப் பதிலாகப் போடும் 1என்4007 டயோடு டிசி காயிலுக்கு மட்டும். ஏசி காயிலில் போட்டால் ஒரு பாதி அலைக்கு நேர் ஷார்ட்.

அடுத்தது, ரிலே போர்டில் ரிலேக்கான சப்ளை முனையையும் (ஜேடி-விசிசி) சிக்னல் பக்கத்துச் சப்ளை முனையையும் (விசிசி) இணைக்கும் ஜம்பர். அதை அப்படியே விட்டால் இரு பக்கத்தையும் பிரித்து ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் இருந்தும் பயனில்லை, இரு பக்கமும் ஒரே சப்ளையில்தான் ஓடும். ஜம்பரைக் கழற்றி, ஜேடி-விசிசிக்கும் கிரவுண்டுக்கும் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். விசிசி முனைக்கு ஈஎஸ்பியின் 3.3 வோல்ட். இரண்டு சப்ளையின் கிரவுண்டையும் எங்கேயும் சேர்க்காதீர்கள். பலர் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

மோட்டாரைப் போடும்போதே ரீசெட் ஆனால் காரணம் வேறு. நேரடி ஸ்டார்ட்டரில் 5 எச்பி மோட்டார் எழும்போது முழு லோடு கரண்டைப்போல 5, 6 மடங்கு இழுக்கும். லைனின் கடைசியில் இருக்கும் தோட்டத்தில் வோல்ட்டேஜ் அப்போது நன்றாகவே இறங்கும். போர்டின் 5 வோல்ட் முனையில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். வோல்ட்டேஜ் இறங்கியதைக் காட்டும் பிரௌன்-அவுட் எச்சரிக்கையைப் புரோகிராமில் அணைத்துவிடுவது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பதுபோல.

சென்சார் வயரை மோட்டார் கேபிள் போகும் பைப்பிலேயே விடாதீர்கள். 30 செ.மீ. தள்ளிப் போகட்டும்; குறுக்கிட்டே ஆகவேண்டுமென்றால் செங்குத்தாக. தொட்டி மிதவை சுவிட்ச் 50 மீட்டர் தள்ளி இருந்தால் பின்னை உயர் நிலையில் பிடித்து வைக்கும் போர்டின் உள் ரெசிஸ்டர் (புல்-அப்) போதாது. 12 வோல்ட்டை அனுப்பி, 2.2 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகப் பிசி817 ஆப்டோகப்ளரில் இறக்குங்கள், ஏறக்குறைய 5 மில்லிஆம்பியர் ஓடும். மண் ஈரத்தின் அனலாக் அளவை அவ்வளவு தூரம் இழுக்கவே வேண்டாம், நீண்ட வயரிலும் டிஜிட்டலாக அனுப்பும் ஆர்எஸ்-485 போதும். ஷீல்டு வயரை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். நியூட்ரலை எர்த்தாகப் பயன்படுத்துவது உயிரோடு விளையாட்டு. கரிசல் மண் கோடையில் வெடித்துவிடும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

இரைச்சலே இல்லாத சிலவும் இரைச்சல் என்று பெயர் வாங்கிக்கொள்ளும். வைஃபை ஓடும்போது ஈஎஸ்பி32-இல் அனலாக் அளவைப் படிக்கும் பின்களில் ஏடிசி2 பிரிவில் உள்ளவை படிக்காது. ஏடிசி1 பின்னுக்கு மாற்றினால் சரியாகிவிடும். போர்டு எழும் நொடியில் ரிலே தட்டாமலிருக்க, ரிலேயின் உள்ளீட்டிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோஓம் போடுவது நல்லது. ஆனால் 12-ஆம் பின்னில் (ஜிபிஐஓ12) மட்டும் வேண்டாம். அந்தப் பின் உயர்ந்திருந்தால் பல போர்டுகள் எழவே எழாது, நீங்கள் ஸ்னப்பரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.